ஒரே மலை, இரண்டு ஊர்கள்: செர்மாட்டின் கோடையும் குளிர்காலமும்

வடக்கிலும் கிழக்கிலும் சுவிற்சர்லாந்தில் ஓர் உறவினராவது இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. 1983க்குப் பின்னர் அங்கு சென்று புகலிடம் கோரியவர்கள், அவர்களது பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என இன்று சுமார் 50,000 தமிழர்கள் அந்நாட்டில் வாழ்வதாகக் கணிக்கப்படுகிறது. அவர்களிடமிருந்து எமது தொலைபேசிகளுக்கு வரும் படங்களில் ஒரு மலை அடிக்கடி தோன்றும். ஒரு பக்கம் சற்று வளைந்து, கூர்மையாக வானத்தைக் குத்தி நிற்கும் அந்த மலையின் பெயர் மாட்டர்ஹோர்ன். உயரம் 4,478 மீற்றர். அதன் அடிவாரத்தில் இருக்கும் ஊர் செர்மாட்.

பிள்ளைகளைப் பார்க்கச் சுவிஸ் செல்லும் பெற்றோரை உறவினர்கள் அழைத்துச் செல்லும் இடங்களில் இத்தகைய மலையூர்களும் உண்டு. பெரும்பாலும் ஒருநாள் பயணம், நான்கு படங்கள், மாலையில் வீடு. ஆனால் அல்ப்ஸ் மலையூர் ஒன்றைக் கோடையில் மட்டும் பார்த்தவரும் குளிர்காலத்தில் மட்டும் பார்த்தவரும் வெவ்வேறு ஊர்களைப் பற்றியே பேசுவார்கள். ஒரு பருவத்தில் மறைந்திருப்பது மற்றப் பருவத்தில் வெளியே வருகிறது. செர்மாட்டின் இரண்டு முகங்களையும், அவற்றின் பின்னாலுள்ள உழைப்பையும் இழப்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. பயணம் செய்ய நினைப்பவர்களுக்கான விபரங்கள் இறுதியில் உள்ளன.

அமைவிடம்

செர்மாட், சுவிற்சர்லாந்தின் தெற்கே இத்தாலி எல்லையோரம் உள்ள வாலிஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எமது நுவரெலியா இதைவிட உயரமானது. அது 1,868 மீற்றர். ஆனாலும் நுவரெலியாவில் அதிகபட்சம் உறைபனி படியும். செர்மாட்டில் மாதக்கணக்கில் பனி கொட்டிக் கிடக்கும். காரணம் உயரமல்ல, அகலக்கோடு. இலங்கை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையளவில் இருக்க, செர்மாட் 46 பாகையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். செர்மாட்டில் ஜூன் மாதப் பகல் 15 மணித்தியாலத்துக்கும் அதிகம். டிசெம்பரில் 9 மணித்தியாலத்துக்கும் குறைவு. அந்தக் குறுகிய பகலிலும், ஒடுங்கிய பள்ளத்தாக்கு என்பதால், சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும்.

ஊருக்குள் பெற்றோல், டீசல் கார்கள் செல்ல அனுமதி இல்லை. காரில் வருபவர்கள் 5 கிலோமீற்றர் முன்னால் உள்ள டேஷ் என்ற ஊரில் வாகனத்தை நிறுத்திவிட்டு, 12 நிமிடத் தொடருந்துப் பயணத்தில் செர்மாட்டை அடைய வேண்டும். ஊருக்குள் ஓடுபவை பெட்டி போன்ற சிறிய மின்சார வாகனங்கள். அவற்றை உள்ளூர்ப் பட்டறைகளே தயாரிக்கின்றன. தொடருந்தில் வருபவர்கள் ஃபிஸ்ப் நிலையத்தில் இறங்கி மலைத் தொடருந்துக்கு மாற வேண்டும். 34.6 கிலோமீற்றர் நீளமான லோட்ச்பேர்க் அடிவாரச் சுரங்கம் 2007இல் திறக்கப்பட்ட பின்னர் பேர்ண் நகரிலிருந்து சுமார் இரண்டேகால் மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம். சூரிச்சிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலம்.

ஏழை ஊர் பணக்கார ஊரான கதை

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்மாட் ஓர் ஏழை விவசாயக் கிராமம். கம்பு போன்ற ஒருவகைத் தானியம், ஆடு, மாடு, பாற்கட்டி. குளிர்காலத்துக்குச் சேமிக்காத குடும்பம் பட்டினி கிடக்கும். அந்த வாழ்க்கையின் சாட்சியாக ஊரின் பழைய பகுதியில் மரக் களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. கால்களின் மேல் எழுப்பப்பட்ட அவை ஒவ்வொன்றின் கால்களிலும் வட்டமான தட்டைக் கல் ஒன்று செருகப்பட்டிருக்கும். எலி ஏறி வந்தாலும் அந்தக் கல்லைத் தாண்ட முடியாது.

மலையேற வந்த பிரித்தானியர்கள் இந்த ஊரின் தலைவிதியை மாற்றினார்கள். 1850களில் அலெக்சாண்டர் சைலர் இங்கு விடுதித் தொழிலைத் தொடங்கினார். 1865 ஜூலை 14ஆம் திகதி எட்வேர்ட் விம்பர் தலைமையிலான எழுவர் முதன்முதலாக மாட்டர்ஹோர்ன் உச்சியை அடைந்தனர். இறங்கும்போது ஒருவர் சறுக்க, கயிறு அறுந்து நால்வர் விழுந்து இறந்தனர். விம்பரும் தந்தையும் மகனுமான இரு உள்ளூர் வழிகாட்டிகளுமே உயிருடன் திரும்பினர். அறுந்த கயிற்றின் துண்டு ஊரின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அந்த விபத்து ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. பயந்து ஒதுங்குவதற்குப் பதிலாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1891இல் தொடருந்துப் பாதை செர்மாட்டை எட்டியது. 1898இல் கோர்னர்கிராட் மலைமுகட்டுக்கு, 3,089 மீற்றர் உயரத்துக்கு, மின்சாரப் பற்சக்கரத் தொடருந்து ஓடத் தொடங்கியது.

அக்காலத்தில் செர்மாட் கோடையில் மட்டும் திறந்திருக்கும் ஊர். பனி விழுந்ததும் தொடருந்து நின்றுவிடும், விடுதிகள் பூட்டப்படும். பனிச்சறுக்கு விளையாட்டு பரவிய பின்னர் 1920களின் இறுதியிலிருந்துதான் குளிர்காலமும் வருமானக் காலமாயிற்று. செர்மாட்டையும் சென் மொரிட்ஸையும் இணைத்து 1930இல் தொடங்கிய 'கிளேசியர் எக்ஸ்பிரஸ்' தொடருந்தோ 1982இல் புதிய ஃபூர்க்கா சுரங்கம் திறக்கும் வரை கோடையில் மட்டுமே ஓடியது. பழைய பாதையில் இருந்த ஸ்டெஃபென்பாக் பாலத்தை, பனிச்சரிவு அடித்துச் செல்லாமலிருக்க, ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் மடித்து வைத்து வசந்தத்தில் மீண்டும் விரிப்பார்கள்.

கோடை: நடப்பவர்களின் ஊர்

ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை செர்மாட் நடப்பவர்களின் ஊர். சுமார் 400 கிலோமீற்றர் நடைபாதைகள் உள்ளன. சந்திகளில் மஞ்சள் பலகைகள் இருக்கும். அவற்றில் தூரத்துக்குப் பதிலாக நடக்க எடுக்கும் நேரம் எழுதப்பட்டிருக்கும். மஞ்சள் குறி மட்டும் உள்ள பாதை எல்லோருக்கும் உகந்தது. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடுகள் இருந்தால் செங்குத்தான மலைப்பாதை; உறுதியான சப்பாத்து வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் அனுபவமில்லாதவர்கள் திரும்பிவிட வேண்டும்.

பலரும் விரும்புவது ஐந்து ஏரிப் பாதை. மூன்று மணித்தியாலத்துக்குள் நடந்து முடிக்கலாம். காற்றில்லாத காலை வேளைகளில் ஸ்டெல்லி ஏரியில் மாட்டர்ஹோர்ன் தலைகீழாகத் தெரியும். நடக்க முடியாத முதியவர்கள் கோர்னர்கிராட் தொடருந்தில் ஏறினால் 33 நிமிடத்தில் பனியாறுகளுக்கு எதிரே இறங்கலாம். அந்த இடம் பீதுருதாலகாலவைவிட 565 மீற்றர் உயரம். எதையும் காலையில் பார்த்துவிடுவதே நல்லது. கோடைப் பிற்பகல்களில் முகில் திரண்டு மலையை மூடும். இடியும் மழையும் வரும்.

பள்ளத்தாக்கின் விவசாய முகம் கோடையில்தான் தெரிகிறது. முகமும் காதும் கறுத்த, நீண்ட உரோமமுள்ள வாலிஸ் செம்மறிகள் உயர்ந்த புல்வெளிகளில் மேயும். விடுமுறை மாதங்களில் காலையும் மாலையும் ஆட்டு மந்தையொன்று மணியோசையுடன் பிரதான வீதியால் செல்லும். சுற்றுலாப் பயணிகளுக்காகத் தொடரப்படும் வழக்கம் இது. ஆயினும் அந்த ஆடுகள்தான் ஒருகாலத்தில் இந்த ஊரைப் பட்டினியிலிருந்து காத்தவை.

குளிர்காலம்: சறுக்குபவர்களின் ஊர்

டிசெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை அதே வீதிகளில் வேறு மனிதர்கள் நடப்பார்கள். தோளில் சறுக்குப்பலகை, காலில் கனத்த சப்பாத்து. இத்தாலியப் பக்கத்தையும் சேர்த்தால் சுமார் 360 கிலோமீற்றர் சறுக்குப்பாதைகள் இங்குள்ளன. 3,883 மீற்றர் உயரத்தில் உள்ள 'கிளைன் மாட்டர்ஹோர்ன்' கேபிள் கார் நிலையம் ஐரோப்பாவிலேயே மிக உயரமானது.

பனிச்சறுக்குத் தெரியாதவர்களுக்கும் இடமுண்டு. குளிர்கால நடைபாதைகள் இளஞ்சிவப்புக் குறிகளால் காட்டப்பட்டிருக்கும். அவற்றில் பனியை அழுத்திச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். கோர்னர்கிராட் பாதையில் ரொட்டன்போடன் நிலையத்திலிருந்து ரிஃபெல்பேர்க் வரை சறுக்குவண்டியில் அமர்ந்து இறங்கலாம். சிறுவர்களுக்கு இதைவிட மகிழ்ச்சி வேறில்லை. சறுக்குப்பாதைகளில் நடந்து போவது ஆபத்து. அடித்து அழுத்தாத பனிச்சரிவில் கால்வைப்பது அதைவிட ஆபத்து. பனிச்சரிவு அபாயம் நாள்தோறும் 1 முதல் 5 வரையான படிகளில் அறிவிக்கப்படும்.

பனி இந்த ஊரைச் சிறைவைப்பதும் உண்டு. 2018 ஜனவரியில் கடும் பனிப்பொழிவால் வீதியும் தொடருந்தும் மூடப்பட, ஏறத்தாழ 13,000 சுற்றுலாப் பயணிகள் ஊருக்குள் சிக்கினர். சிலர் ஹெலிகொப்டரில் வெளியேற்றப்பட்டனர். 2025 ஏப்ரலிலும் போக்குவரத்துத் துண்டிக்கப்பட்டு மின்சாரமும் தடைப்பட்டது. ஆகவே குளிர்காலத்தில் செர்மாட் போய்வந்த மறுநாளே நாடு திரும்பும் விமானம் ஏற நினைக்கக் கூடாது.

பருவத்துக்குப் பருவம் உழைப்பவர்கள்

இரண்டு பருவங்களுக்கும் நடுவே மே மாதத்திலும் நவம்பரிலும் ஊர் பாதி உறங்கும். பல விடுதிகளும் கடைகளும் மூடப்படும். வேலை ஒப்பந்தங்களும் அவ்வாறே: குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. கட்டில் விரிப்பு மாற்றுபவர், கோப்பை கழுவுபவர், கட்டடம் கட்டுபவர் எனப் பெரும்பாலானோர் வெளிநாட்டவர். செர்மாட்டில் அவர்களுள் மிகப் பெரிய சமூகம் போர்த்துக்கேயர்.

அவர்களுக்கு முன்னர் வந்தவர்களின் கதையை நாம் அறிந்திருக்க வேண்டும். 1934 முதல் 2002 வரை சுவிஸில் 'பருவத் தொழிலாளர்' சட்டம் நடைமுறையில் இருந்தது. இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல், யூகோஸ்லாவியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஆண்டுக்கு அதிகபட்சம் ஒன்பது மாதங்களே தங்கலாம். குடும்பத்தை அழைத்து வர முடியாது. பிள்ளையைப் பிரிந்திருக்க முடியாதவர்கள் இரகசியமாகக் கொண்டுவந்து அறைக்குள் வைத்து வளர்த்தார்கள். சத்தம் போடாதே, யன்னலருகே போகாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட அந்தப் பிள்ளைகளை 'அலுமாரிப் பிள்ளைகள்' என்று அந்நாட்டில் இன்று அழைக்கிறார்கள்.

செர்மாட்டுக்கு அடுத்த பள்ளத்தாக்கில் மாட்மார்க் அணை கட்டப்பட்டபோது தொழிலாளர்களின் குடில்கள் அலாலின் பனியாற்றின் கீழே அமைக்கப்பட்டிருந்தன. 1965 ஓகஸ்ட் 30ஆம் திகதி பனியாற்றின் நுனி உடைந்து அவர்கள் மேல் விழுந்தது. 88 பேர் இறந்தனர். அவர்களுள் 56 பேர் இத்தாலியர். 1972இல் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 17 பேரையும் விடுதலை செய்தது. மேன்முறையீடு செய்த குடும்பங்கள் வழக்குச் செலவில் பாதியைக் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பானது.

1980களில் எம்மவர்கள் சென்றது இந்த நாட்டுக்குத்தான். வழக்கு முடிவு தெரியாத காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த முதல் வேலைகள் பெரும்பாலும் உணவகச் சமையலறைகளிலும் விடுதிகளிலும்தான். தற்காலிக அனுமதி பெற்றவர்கள் மனைவி பிள்ளைகளை அழைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பனி மலைக்கு முன்னால் நின்று அவர்கள் அனுப்பிய படங்களில் அந்தச் சமையலறைகள் இருக்கவில்லை.

பனி திருப்பித் தருபவர்கள்

ஊரின் தேவாலயத்துக்கு அருகே மலையேறிகளின் மயானம் உள்ளது. மாட்டர்ஹோர்னில் மட்டும் 1865 முதல் 500க்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர். முதல் ஏற்றத்தில் விழுந்த நால்வருள் மூவரின் உடல்கள் மீட்கப்பட்டன. பிரான்சிஸ் டக்ளஸ் என்ற இளைஞரின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

வாலிஸ் மாநிலப் பொலிஸார் 1925ஆம் ஆண்டிலிருந்து மலைகளில் காணாமல் போனோரின் பட்டியலைப் பேணி வருகிறார்கள். அதில் சுமார் 300 பெயர்கள் உள்ளன. பனியாறுகள் உருக உருக, கோடை மாதங்களில் எலும்புகளும் சப்பாத்துகளும் வெளியே வருகின்றன. மாட்டர்ஹோர்னில் 1970இல் காணாமல் போன இரு ஜப்பானியர்களின் எச்சங்கள் 2015இல் மரபணுச் சோதனை மூலம் உறுதிசெய்யப்பட்டன. 1986இல் காணாமல் போன ஜேர்மனியர் ஒருவரின் எச்சங்கள் 2023 ஜூலையில் செர்மாட்டுக்கு மேலே தியோடுல் பனியாற்றில் கிடைத்தன. அதே மாநிலத்தின் வேறொரு பனியாற்றில், 1942 ஓகஸ்ட் 15ஆம் திகதி மாடுகளைப் பார்க்கப் போன கணவனும் மனைவியும் 75 ஆண்டுகளின் பின்னர், 2017இல் கண்டெடுக்கப்பட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற ஏழு பிள்ளைகளில் அப்போது உயிருடன் இருந்தவர்கள் இரண்டு பெண்கள் மட்டுமே. அவர்கள் பெற்றோரை அடக்கம் செய்தார்கள்.

மலை விபத்தில் காணாமல் போவதும் காணாமலாக்கப்படுவதும் ஒன்றல்ல. பனியில் விழுந்தவரை யாரும் பிடித்துச் செல்லவில்லை. கையளித்த உறவினரிடம் எவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் ஏனைய இடங்களிலும் வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார் கேட்பவற்றில் ஒன்று அங்கே சாதாரண நிர்வாக வேலையாக நடக்கிறது. ஒரு பட்டியல் பேணப்படுகிறது. நூற்றாண்டு கடந்தாலும் பெயர் நீக்கப்படுவதில்லை. ஓர் எலும்பு கிடைத்தால் அது யாருடையது என்று பார்த்து, குடும்பத்துக்கு அறிவிக்கிறார்கள். காலம் கடந்துவிட்டது என்ற காரணம் அங்கே சொல்லப்படவில்லை.

உருகும் மலை

2022இலும் 2023இலும் மட்டும் சுவிஸ் பனியாறுகள் தமது மொத்தப் பருமனில் சுமார் 10 வீதத்தை இழந்தன. ஆண்டு முழுவதும் பனிச்சறுக்கு நடக்கும் செர்மாட்டில் 2022 ஜூலை இறுதியில் வெப்பத்தால் கோடைச் சறுக்கு நிறுத்தப்பட்டது. அங்கு முதன்முதலாக நடக்கவிருந்த உலகக் கிண்ணச் சறுக்குப் போட்டி அதே ஆண்டு பனி போதாமல் கைவிடப்பட்டது. பனியாற்றின் முகட்டை வைத்து வரையப்பட்ட இத்தாலிய எல்லைக்கோடும், முகடு உருகியதால் மாட்டர்ஹோர்ன் அருகே திருத்தப்பட வேண்டியதாயிற்று. அதற்கு 2024 செப்டெம்பரில் சுவிஸ் அரசு ஒப்புதல் அளித்தது.

பாறைகளைப் பிணைத்து வைத்திருந்த உறைபனி இளகும்போது மலை சரிகிறது. 2025 மே 28ஆம் திகதி, வாலிஸ் மாநிலத்தின் பிளாட்டன் கிராமத்தின் பெரும்பகுதி பனியாறும் பாறையும் சேர்ந்து விழுந்ததில் புதைந்தது. அறிகுறிகளைக் கவனித்த அதிகாரிகள் ஒன்பது நாட்களுக்கு முன்னரே சுமார் 300 மக்களையும் மாடுகளையும் வெளியேற்றியிருந்தனர். வெளியே இருந்த ஒருவர் உயிரிழந்தார். ஒரே நாளில் வீடும் தேவாலயமும் இல்லாமல்போன அந்த மக்கள், ஊரை மீண்டும் கட்டுவோம் என்கிறார்கள். இடம்பெயர்ந்த எமக்கு அந்தப் பிடிவாதத்தை விளக்கத் தேவையில்லை.

பயணம் செய்ய நினைப்பவர்களுக்கு

விசா: இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 180 நாட்களுக்குள் அதிகபட்சம் 90 நாட்கள் தங்கலாம். பயணத்துக்கு 6 மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். வளர்ந்தவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அழைக்கும் உறவினரிடம் 30,000 சுவிஸ் பிராங்குக்கான பொறுப்பேற்பு உறுதிமொழி கேட்கப்படலாம். நாடு திரும்புவீர்கள் என்பதற்கான ஆதாரங்கள், அதாவது காணி உறுதி, தொழில், ஓய்வூதியம், இங்குள்ள குடும்பம் தொடர்பானவை, விண்ணப்பத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அகதியாக அங்கீகரிக்கப்பட்ட பிள்ளை தாயகம் வந்தால் அந்த அந்தஸ்தை இழக்க நேரிடலாம். ஆகவே பல குடும்பங்களுக்குப் பெற்றோர் அங்கு செல்வதே பாதுகாப்பான வழி.

செலவு: தொடருந்துக் கட்டணம் அதிகம். அரைக்கட்டண அட்டை இருந்தால் கோர்னர்கிராட் வரை பாதிச் செலவு. சுவிஸில் வாழும் உறவினர்கள் தமது நகரசபையில் மலிவான ஒருநாள் பயணச்சீட்டுக் கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரிக்கலாம். கோர்னர்கிராட் கட்டணம் கோடையில் கூடுதல், குளிர்காலத்தில் குறைவு. விடுதிகளோ நத்தார், பெப்ரவரி விடுமுறைகளில் உச்ச விலையில் இருக்கும். டேஷ் ஊரில் தங்கினால் செலவு குறையும்.

உடல்நலம்: 3,883 மீற்றரில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. இதய நோய், உயர் குருதி அழுத்தம், மூச்சு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அங்கு ஏற வேண்டாம். மேலே மெதுவாக நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். தலையிடி, ஓங்காளம் வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும். பனியில் வெயில் தெறித்துக் கண்ணைச் சுடும்; கறுப்புக் கண்ணாடி இரண்டு பருவத்திலும் தேவை. குளிருக்கு ஒரே தடித்த மேலாடையைவிட மெல்லிய ஆடைகளை அடுக்கி அணிவது நல்லது. வழுக்காத அடிப்பாகமுள்ள சப்பாத்து இல்லாமல் குளிர்காலத்தில் ஊருக்குள்கூட நடக்க வேண்டாம்.

எந்தப் பருவம்: முதிய பெற்றோருக்கு ஜூன் இறுதி முதல் செப்டெம்பர் வரை ஏற்றது. சிறுவர்களுக்குப் பனியைக் காட்டுவதென்றால் பெப்ரவரியும் மார்ச்சும். பகல் நீளத் தொடங்கியிருக்கும். லார்ச் மரங்கள் பொன்னிறமாகும் ஒக்ரோபர் முற்பகுதியில் கூட்டம் குறைவு. மலைக்கு ஏறப் பணம் போதாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஆற்றுப் பாலத்தில் நின்றாலே மாட்டர்ஹோர்ன் முழுதாகத் தெரியும். பழைய களஞ்சியத் தெருவுக்கும் மலையேறிகளின் மயானத்துக்கும் கட்டணம் இல்லை. இரண்டையும் ஆறுதலாகப் பார்க்க அரைநாள் போதும்.